தீப்பெட்டியை உள்ளே வையுங்க!

புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் தினமும் காலை ஆறரை மணிக்கு ஒரு யாகம் நடக்கும். வேப்பமரத்தடி, மாமரத்தடி எல்லாவற்றையும் விளக்குமாற்றால் வழித்து, சருகைக் குவித்து, ஒரு குச்சியைக் கிழித்துப் போடுவோம். குபுகுபுன்னு புகை. எதிர்வீட்டுப் பாட்டி இருமுவார். நாமோ, ‘ஆஹா, எவ்வளவு சுத்தம்!’ என்று நமக்கு நாமே முதுகில் தட்டிக்கொள்வோம். அன்று சாயங்காலமே, அதே மாமரத்துக்குப் போட மண்புழு உரம் ஒரு மூட்டை வாங்கி வருவோம்.

இதைவிடக் கூத்து உண்டா? மரம் இலவசமாகக் கொடுத்ததைக் கொளுத்திவிட்டு, காசு கொடுத்து உரம் வாங்குகிறோம். கோபப்படாதீங்க, நானும் கொளுத்தியவன்தான். உங்க ஊரிலும் இதுதானே நடக்கிறது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் பல இடங்களில் செம்மண். கொஞ்சம் தோண்டினால் செம்புறாங்கல். சித்திரை வெயிலில் இந்த மண்ணை மொட்டையாகப் போட்டால் ஈரம் பறந்துவிடும். மேல்மண்ணில் வாழும் உயிர்கள் வாடிச் சாகும். ஐப்பசியில் மழை வரும்போது துளிகள் நேராக மண்ணை அறையும். மேலே ஓர் ஏடு கட்டிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் எங்கே உள்ளே இறங்கும்? இருக்கிற மண்ணையும் வாரிக்கொண்டு சாக்கடைக்கு ஓடும். அடுத்த கோடையில், ‘போரில் தண்ணி இல்லை’ என்று புலம்புவோம்.

‘எங்க மண்ணு சரியில்ல சார்’ என்பவர்களுக்கு கீரனூர் பக்கத்து ஒடுகம்பட்டியைக் காட்டுவேன். நம்மாழ்வாரும் ‘குடும்பம்’ அமைப்பின் நண்பர்களும் அங்கே ஒரு பொட்டலில்தான் கொழுஞ்சிப் பண்ணையை உருவாக்கினார்கள். மழைநீரை நிலத்திலேயே நிறுத்தினார்கள். இலைதழையை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பொட்டல் தோப்பானது. நம்மாழ்வார் 2013-ல் மறைந்துவிட்டார். பாடம் பண்ணையின் பெயரிலேயே இருக்கிறது. கொழுஞ்சி, தரிசில் தானாக முளைக்கிற செடி. மாடுகூடச் சீண்டாது. ஆனால், அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றும். நாம் ‘களை’ என்று பிடுங்கி எறிவது ஓர் உரத் தொழிற்சாலையை!

கொழுஞ்சி கிடைக்கவில்லையா? மளிகைக் கடைக்குப் போங்க. கொள்ளு, தட்டைப்பயறு, எள், கம்பு, சோளம்... கிடைப்பதை எல்லாம் கலந்து, மழைக்கு முன்னால் காலி இடத்தில் விதையுங்க. சணப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. 45, 50 நாளில் பூ எடுக்கும்போது அறுத்து அங்கேயே பரப்புங்க. இல்லை, மண்ணில் மடக்கி விடுங்க. மகாராஷ்டிரத்துக் கணிதப் பேராசிரியர் தபோல்கர் வழியில் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன பலதானிய விதைப்பின் சாரம் இதுதான்.

மரத்தடிக்கு மூடாக்கு போதும். சருகு, வைக்கோல், தென்னை மட்டை, கரும்புச் சோகை எதுவானாலும் நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பலாம். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடைவெளி விடணும், இல்லாவிட்டால் பட்டை அழுகும். காய்ந்ததை மண்ணோடு கிளறிவிடாதீங்க. மக்கும்போது அது மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். மேலேயே கிடக்கட்டும்.

‘பாம்பு வரும் சார்!’ வாசற்படியிலா போடச் சொன்னேன்? மரத்தடியில் போடுங்க, கை வைக்கும் முன் குச்சியால் தட்டுங்க. ‘கரையான் வரும்!’ வரட்டுமே. அது பெரும்பாலும் காய்ந்ததைத்தான் தின்னும். தின்ன எதுவுமே இல்லாமல் வழித்துப் போட்டால்தான் செடி மேல் கை வைக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று 2016 டிசம்பரிலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. உங்க தெருவில் யாராவது கட்டினதாகக் கேள்விப்பட்டீங்களா? நானும் படவில்லை. அதனால், அதிகாரியை எதிர்பார்க்காதீங்க.

நாளைக் காலையும் தாராளமாகப் பெருக்குங்க. ஆனால், சருகை மரத்தடிக்குத் தள்ளுங்க. தீப்பெட்டி அடுப்பங்கரையிலேயே இருக்கட்டும். ஒரு மழைக்காலம் போகட்டும். அப்புறம் மூடாக்கை விலக்கி, மண்ணில் ஒரு விரலை விட்டுப் பாருங்க. இறங்கவில்லை என்றால், வாங்க... சண்டை போடலாம்!