நாலு வீட்டுச் சங்கீதம்

ஜாஸ் என்றதும், "ஐயோ, தகர டப்பா ஓசையா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! நான் சொல்ல வந்தது ஒரு ஜாஸ் கோஷ்டியிலிருந்த நாலு பேர் எப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தார்கள் என்பதைத்தான். பையனின் பாட்டு வாத்தியாரை நிறுத்திவிடலாமா என்று யோசித்துக் கொண்டிருக்கும் தாய்மார்கள் அவசியம் படிக்கலாம்.

கோஷ்டித் தலைவர் டேவ் புரூபெக், 1920-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். அப்பா மாட்டுப் பண்ணைக்காரர். அம்மாவோ இங்கிலாந்துக்கே போய்ப் பியானோ பயின்று வந்த டீச்சர். பையனுக்குப் பார்வை மந்தம். நோட்டைப் பார்த்து வாசிக்க வரவில்லை. ஆனால் காது மகா கூர்மை! கேட்டதை அப்படியே வாசித்து, நோட்டைப் பார்த்து வாசிப்பதுபோல் பாவனை பண்ணியே காலத்தை ஓட்டினார். கால்நடை வைத்தியம் படிக்கக் காலேஜுக்குப் போனவர், சங்கீதத்துக்கு மாறினார். கடைசியில் குட்டு வெளிப்பட்டது. பியானோ டீச்சரின் பிள்ளைக்கு நோட்டு வாசிக்கத் தெரியாது! "ஒருநாளும் பியானோ கற்றுக் கொடுப்பதில்லை" என்று வாக்குறுதி வாங்கிக் கொண்டு, 1942-ல் பட்டம் கொடுத்தார்கள். (அந்தக் காலேஜின் பெருந்தன்மையைச் சொல்வதா, சாமர்த்தியத்தைச் சொல்வதா?)

யுத்தம் முடிந்தபின் பிரெஞ்சு சங்கீத மேதை தாரியஸ் மில்ஹோவிடம் படித்தார். ஜாஸை விட்டுவிடாதே என்று தைரியம் சொன்ன குரு அவர். மூத்த பிள்ளைக்குக் குருவின் பெயரையே வைத்தார் புரூபெக். அம்மாவிடமிருந்து ஸ்வரம் வந்தது. தாளம் வந்ததோ அப்பாவின் பண்ணையிலிருந்து. குதிரைமேல் போகையில் குளம்போசை ஒரு தாளம் போட, இவர் மனசுக்குள் வேறொரு தாளம் போட்டுப் பார்ப்பாராம்.

சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மாண்டின் தகப்பனார், பேசாப் படங்கள் ஓடிய கொட்டகைகளில் ஆர்கன் வாசித்தவர். பிள்ளை படித்தது ஆங்கில இலக்கியம்.

டிரம் வாசித்த ஜோ மொரெல்லோவின் கதைதான் மனசைத் தொடுகிறது. இவருக்கும் சிறு வயதிலிருந்தே பார்வைக் குறைவு. ஆறு வயதில் பிடில் ஆரம்பம். ஒன்பது வயதில் பாஸ்டன் சிம்பனி வாத்திய கோஷ்டியுடன் மெண்டல்ஸனின் பிடில் உருப்படியை வாசித்தார் என்றால் பாருங்களேன்! பதினைந்தாவது வயதில் ஹைபெட்ஸ் என்ற மகா வித்வானைக் கேட்டார். அந்த நாதம் தனக்கு ஒருநாளும் கைகூடாது என்று தோன்றிவிட்டது. பிடிலை மூடி வைத்துவிட்டு டிரம்மிடம் போய்விட்டார். பெற்றவர்கள் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

நாலாமவர், சிகாகோவின் யூஜின் ரைட். பள்ளிக்கூடத்தில் கார்னெட் என்ற ஊதுவாத்தியம் வாசித்தவர். பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தைத் தாமாகவே கற்றுக் கொண்டார். கோஷ்டியில் அவர் ஒருவரே கறுப்பர். 1960-ல் அமெரிக்காவின் தென்பகுதிக் கல்லூரிகள் பல, "அவருக்குப் பதில் ஒரு வெள்ளைக்காரரை அழைத்து வாருங்கள்" என்றன. புரூபெக் மறுத்துவிட்டார். 20-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் போயின, பணமும் போயிற்று. ரைட் போகவில்லை.

1958-ல் இந்த நால்வரும் உலகப் பிரயாணம் செய்தபோது நம் சென்னைக்கும் வந்து வாசித்தார்கள். அதற்கு முன்பே துருக்கியில், இஸ்தான்புல் தெருவில், ஒன்பது எண்ணிக்கைத் தாளம் ஒன்று புரூபெக்கின் காதில் விழுந்திருந்தது. ஊர் திரும்பியதும் அதை வைத்து ஓர் உருப்படி செய்தார். 1959-ல் அது 'டைம் அவுட்' என்ற இசைத்தட்டில் வந்தது.

அதே தட்டில் 'டேக் ஃபைவ்' என்று ஒன்று இருக்கிறது. மொரெல்லோ வாசித்துப் பழகிய ஐந்து எண்ணிக்கைத் தாளத்துக்கு டெஸ்மாண்ட் அமைத்த மெட்டு. நம் கண்டசாப்பில் 'தக தகிட' என்று இரண்டும் மூன்றுமாக வரும். இதில் மூன்றும் இரண்டும். டெஸ்மாண்ட் 1977-ல் காலமானபோது, அதன் வருமானத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

இன்று நால்வரும் இல்லை, இசைத்தட்டு இருக்கிறது. பாதியில் டிரம் முன்னே வரும் ஓர் இடம் உண்டு. பிடிலை மூடி வைத்த அந்தப் பையன்தான் வாசிக்கிறார். தொடையில் 'தகிட தக' போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள்.