வந்தனம் சொல்ல ஆண் எதற்கு?

பெண்ணுக்குச் சமத்துவம் தந்த மதம் பௌத்தம். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி என்று எங்கள் பக்கம் நடக்கும் எந்தப் புத்த பூர்ணிமா கூட்டத்திலும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் நான் வீடு திரும்பியதில்லை. சொல்பவர் ஆண். தலைமை ஆண். முன்னிலை ஆண். வந்தனம் சொல்லித் திரிசரணம் கொடுப்பவரும் ஆண். பெண்கள் ஷாமியானாவுக்குப் பின்னால் பாயசம் கிளறிக்கொண்டிருப்பார்கள். மிச்சப் பேர் வெள்ளைப் புடவையில் முன்வரிசையில் கைகூப்பி உட்கார்ந்திருப்பார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

மேடையில் சொல்லப்படும் வரலாறு பொய்யில்லை. பெண்துறவிகளின் பாடல்களே தேரிகாதையாகப் பாலி மொழியில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதில் பேசும் புண்ணா, தண்ணீர் சுமந்த அடிமைப் பெண். ஆற்றில் முங்கிப் பாவம் தொலைக்க வந்த பார்ப்பனரை, தண்ணீரிலேயே வாழும் உயிர்களைக் காட்டி வாயடைக்க வைக்கிறாள். நம் மணிமேகலை கணிகையர் குலத்தில் பிறந்தவள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்ற வைத்தவள். அதே மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளின் கொள்கையைக் கேட்கப் போகும்போது ஆண் துறவியாக உருமாறித்தான் போகிறாள். இளம்பெண்ணுக்கு அவர்கள் தங்கள் கொள்கையைச் சொல்ல மாட்டார்கள் என்பது காரணம். இந்தப் பகுதியை மேடையில் யாரும் சொல்வதில்லை.

சொல்லாமல் விடுவது இன்னும் உண்டு. புத்தரை வளர்த்த மகாபிரஜாபதி கௌதமி துறவு கேட்டபோது, பெண்களுக்கு மட்டும் எட்டு நிபந்தனைகள் விதிக்கப்பட்டதாக வினயபிடகம் சொல்கிறது. அதன்படி, நூறு ஆண்டு துறவியாக வாழ்ந்த பெண்ணும் இன்று காலையில் துறவு பூண்ட ஆணை எழுந்து வணங்க வேண்டும். அந்த விதியையாவது தளர்த்துங்கள் என்று கௌதமி கேட்டார், கிடைக்கவில்லை. சங்கமித்தையைக் கொண்டாடும் இலங்கையில் 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் பிக்குணி சங்கம் அற்றுப்போனது. 1996-இல் இலங்கைப் பெண்கள் சிலர் சாரநாத்துக்கு வந்து, கொரியத் துறவிகளின் துணையோடு அதை மீட்டார்கள். அதற்குப் பிறகும் ஓயவில்லை. அடையாள அட்டையில் ‘பிக்குணி’ என்று போட அங்குள்ள அதிகாரிகள் மறுத்தார்கள். ஒரு பிக்குணி உச்ச நீதிமன்றம் வரை போய் 2025-இல்தான் தீர்ப்பு வாங்கினார்.

“அது தேரவாதம் தோழர், நம்முடையது நவயானம்” என்பார்கள். சரி, நவயானத்துக்கே வருவோம். 1956 அக்டோபர் 14, நாக்பூர். பாபாசாகேப் அம்பேத்கரும் சவிதா அம்பேத்கரும் மகாஸ்தவிர் சந்திரமணியிடம் தீட்சை பெறுகிறார்கள். அடுத்து, கூடியிருந்த லட்சக்கணக்கான மக்களுக்குப் பாபாசாகேபே தீட்சை கொடுக்கிறார். 22 உறுதிமொழிகளையும் சொல்லவைக்கிறார். அவர் காவி உடுத்தவர் அல்லர், தலை மழித்தவர் அல்லர். கோட்டு போட்ட இல்லறத்தார். தம்மத்தைக் கொடுக்கத் துறவியாக இருக்க வேண்டியதில்லை என்று அன்றே காட்டிவிட்டார். துறவி அல்லாதவர் கொடுக்கலாம் என்றால், ஆண் அல்லாதவர் ஏன் கொடுக்கக் கூடாது? இந்தக் கேள்விக்கு நவயானத்தில் பதில் இல்லை. பழக்கம் மட்டுமே இருக்கிறது.

1951-இல் மகாபோதி இதழில் வந்த பாபாசாகேபின் கட்டுரை, இந்துப் பெண்ணின் எழுச்சியும் வீழ்ச்சியும் பற்றியது. பெண்ணின் வீழ்ச்சிக்குப் புத்தரே காரணம் என்ற குற்றச்சாட்டுக்கு அதில் பதில் சொன்னார். பெண்களைப் பார்க்காதே, பேசாதே என்று ஆனந்தரிடம் புத்தர் சொன்னதாக வரும் பகுதியைப் பிற்காலப் பிக்குகளின் இடைச்செருகல் என்று தள்ளினார். பழைய நூலில் இருக்கிறது என்பதற்காக அவர் அதன் முன் தலைகுனியவில்லை. பிக்குணிகளைப் பிக்குகளின் கீழ் வைத்ததற்கும் ஒரு நடைமுறைக் காரணம் சொன்னார்: புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வேண்டும், பயிற்சி பெற்றிருந்தவர்கள் ஆண்கள். அந்தக் காரணத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பஞ்சசீலம் சொல்லித் தருகிறவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். இன்று பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார்?

என் ஆயா இறந்தபோது வீட்டில் என் சித்தி இருந்தார். வந்தனம் முழுவதும் அவருக்குப் பாராமல் வரும். தெருப் பிள்ளைகளுக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஆனால் “ஐயா வந்துவிடட்டும்” என்றார்கள். ஐயா ஜிஎஸ்டி சாலை நெரிசலில் பெருங்களத்தூர் பக்கம் மாட்டிக்கொண்டார். இரண்டு மணி நேரம் பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். வந்தவர் பேப்பரைப் பார்த்துத்தான் படித்தார், அதிலும் இரண்டு இடத்தில் தடுமாறினார். ஓரமாக நின்ற சித்திதான் மெதுவாக எடுத்துக் கொடுத்தார். புரோகிதரை வீட்டைவிட்டு விரட்டிய குடும்பம் எங்களுடையது. விரட்டிய இடத்தில் என்ன வைத்தோம்?

“முதலில் சாதி ஒழியட்டும், பெண் பிரச்சினையைப் பிறகு பார்க்கலாம்” என்று சொல்லும் தோழர்கள் பாபாசாகேபின் ஆரம்பகால ஆய்வைப் படிக்கட்டும். 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயதில் அவர் சொன்னது இதுதான்: சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது, உடன்கட்டையும் கட்டாய விதவைமையும் குழந்தை மணமும் அந்த அகமணத்தைக் காக்க வந்த ஏற்பாடுகள். பெண்ணைக் கட்டுப்படுத்தாமல் சாதி ஒருநாளும் நிற்காது. அப்படியிருக்க, பெண்ணை அடுப்படியில் நிறுத்திவிட்டு நடத்தும் சாதி ஒழிப்பு எதை ஒழிக்கும்?

“பெண்கள் முன்வருவதில்லையே” என்பது அடுத்த சமாதானம். 2022-இல் தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயர் நாற்காலியில் பட்டியல் சாதிப் பெண் ஒருவர் உட்கார்ந்தார். அந்த இடம் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. உட்கார ஆளும் இருந்தது. நாற்காலியைக் காலி செய்யாமல், யாரும் வரவில்லை என்று சொல்வது நாம் ஆதிக்கச் சாதியினரிடம் காலங்காலமாகக் கேட்டுப் புளித்த பேச்சு. அதை நம் வாயாலேயே சொல்ல வேண்டுமா?

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர் வைத்திருக்கிறார்கள். 1898-இல் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கியவர் அவர். நாம் கோயிலில் பார்க்கும் அம்பிகையம்மனைப் பௌத்தப் பெண்துறவி என்றார். அவரே ஔவை என்றார். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வெற்றிவேற்கை மூன்றையும் அந்தப் பெண் அருளிய திரிவாசகமாகக் கொண்டார். வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்கலாம், மறுக்கலாம். தமிழ்ப் பௌத்தத்தின் ஆசான் இருக்கையில் ஒரு பெண்ணை வைக்க, நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குத் துணிவிருந்தது. அவர் பெயரைச் சொல்லும் நமக்கு ஒரு மைக்கைக் கொடுக்கத் துணிவில்லை.

எனவே தோழர்களே, சிறப்புரை வேண்டாம். மகளிர் அணி என்று தனியாக ஒரு மூலையும் வேண்டாம். எங்கள் கல்யாணங்களில் பெண் திரிசரணம் கொடுக்கட்டும். எங்கள் சாவுகளில் பெண் வந்தனம் சொல்லட்டும், சுடுகாடு வரைக்கும் வரட்டும். தீட்சை நிகழ்வில் 22 உறுதிமொழியையும் பெண் வாசிக்கட்டும், ஆண்கள் திருப்பிச் சொல்லட்டும். விகாரை நிர்வாகத்தில் பாதி இடம் பெண்களுக்கு. இவற்றில் எதற்கும் எந்த நாட்டுச் சங்கத்திடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

அடுத்த புத்த பூர்ணிமாவுக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். வந்தனம் என்ற இடத்தில் ஆண் பெயரும், அன்னதானம் என்ற இடத்தில் பெண்கள் பெயரும் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பாயசம் கிளற ஆண்களுக்கும் கை இருக்கிறது.