கவனக்குறைவா, வெளிச்சக்குறைவா?

ராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியம் முதல் இன்றைய விற்பனைக்கூடம் வரை நெல்லோடு வாழும் ஊர் செஞ்சி. அந்த நெல்லை அரைக்கும் ஆலை ஒன்றின் உரிமையாளர் வைக்கும் வாதம் இது: விபத்துக்குக் காரணம் ஆட்களின் கவனக்குறைவு, மங்கலான வெளிச்சம் அவர்களுக்குப் பழகிவிட்டது, விளக்குச் சட்டமெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு, கரண்ட் பில் கட்டி மாளாது. நான்கும் தவறு.

பழகிவிட்டதாம். களத்து உச்சி வெயிலிலிருந்து மில்லுக்குள் நுழைபவரின் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். அதற்குள் அவர் மறுபடி களத்தில் நிற்பார். 60 வயதில் விழித்திரையை எட்டுவது, 20 வயதில் எட்டிய ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வயதாக ஆகக் கண் கூடுதல் வெளிச்சம் கேட்கிறது. அது இருட்டுக்குப் பழகுவதில்லை.

கவனக்குறைவாம். பழைய சோக் டியூப்லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் நான்கு ஆரப் புல்லி அந்த ஒளியில் நிற்பதுபோலத் தெரியக்கூடும். நம்பிக் கைவைத்தவர் கவனமாகத்தான் பார்த்தார்; அவரை ஏமாற்றியது விளக்கு. விளக்குகளை மூன்று பேஸிலும் பிரித்துப் போட்டாலே இந்த மாயம் பெருமளவு அடங்கும். அதைச் செய்ய வேண்டியவர் கூலியாள் அல்ல.

சட்டமோ மின்விசையில் 10 பேர் வேலை செய்த ஆலையையே தொட்டது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வேலை செய்யும் இடத்திலும் நடந்துபோகும் இடத்திலும் போதிய வெளிச்சம் கேட்டது. சன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைக்கச் சொன்னது. 2020 தொழில்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் வெளிச்சம் முதலாளியின் கடமைதான். தவிட்டுத் தூசி அப்பிய கண்ணாடியைத் துடைக்கப் பெரிய கம்பெனியாக இருக்க வேண்டுமா?

கடைசியாகச் செலவு. 20 வாட் எல்இடி விளக்கு பத்து, பத்து மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். 20 குதிரைத்திறன் மோட்டார் அதே நேரம் முழுச்சுமையில் ஓடினால் சுமார் 150 யூனிட். மோட்டாருக்குக் கணக்குப் பார்க்காதவர், ஆளின் கண்ணுக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்.

விடியுமுன் நெல் அவிக்கும் நேரத்தில் அந்தப் புல்லியருகே போய் நில்லுங்கள், ஐயா. கையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துப் படியுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால், அங்கே நடந்த விபத்துக்கு யார் பொறுப்பு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.