பாறைக்குக் காயம் வேண்டா

பன்வில ஊருக்கு வடகிழக்கே எழும் மலைத்தொடருக்கு ஆங்கிலேயர் 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டனர். மடக்கிய கையின் விரல் மூட்டுகளை அதன் சிகரங்களிலே கண்டார்கள் போலும். அந்தக் கை அண்மையில் வேறொரு காரணத்தால் என் நினைவுக்கு வந்தது.

மலையேறும் இளைஞர் ஒருவர் என் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றைக் காட்டினார். ஒரு தண்டு, அதன் தலையில் அச்சிலே சுழலும் நான்கு அலுமினிய இதழ்கள், அவற்றை விரித்து வைத்திருக்கும் சிறு சுருள்விற்கள். பிடியை இழுத்தால் இதழ்கள் சுருங்குகின்றன. பாறை வெடிப்பினுள் நுழைத்துப் பிடியை விட்டால், விரிந்து இருபுறமும் பற்றுகின்றன. தண்டின் அடியிலே ஏறுபவரின் கயிற்றை மாட்டுவார்கள். மடக்கிய கையை வெடிப்பிலே திணித்துத் தொங்குவது ஏறுவோரின் பழைய வித்தை. இக்கருவி செய்வதும் அதுவே.

ஆணியின்றி இஃது ஓர் ஆளை எவ்வாறு தாங்கும்? சுருள்வில் தாங்குவதில்லை, இதழைப் பாறையோடு ஒட்டி நிற்கச் செய்வதோடு அதன் வேலை முடிந்தது. தாங்குவது இதழின் வளைவு. அதனை மடக்கைச் சுருளி என்பர் கணித ஆசிரியர். (மடக்கிய கையைப் பற்றிய பேச்சில் மடக்கை வந்து சேர்ந்தது தற்செயல்தான், ஆயினும் தமிழாசிரியனுக்கு அதிலோர் இன்பம்.) வெடிப்பு அகன்றாலும் குறுகினாலும் அவ்வளைவு பாறையைத் தொடும் கோணம் மாறுவதில்லை. விண்வெளிப் பொறியியலில் பணியாற்றிய அமெரிக்கர் ரே ஜார்டின் 13.75 பாகையைத் தேர்ந்தார். அக்கோணத்திலே கீழ்நோக்கிய இழுவை ஒரு பங்கானால், ஒவ்வொரு சுவரையும் ஏறத்தாழ இரு பங்கு விசை அழுத்தும். விழுபவனின் பாரமே பிடியை இறுக்குகிறது! 1978இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தபோது இதற்கு 'பிரெண்ட்', அதாவது நண்பன், என்று பெயர். இடுக்கண் வந்த கணமே விரைவது நட்பு என்ற வள்ளுவர் கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டார்.

இதற்கு முன் யோசெமிற்றிப் பள்ளத்தாக்கிலே இரும்பாணிகளை அறைந்தும் பிடுங்கியும் ஏறினார்கள். அந்த வடுக்கள் இன்றும் அங்கே உள்ளன. நக்கிள்ஸிலே அது வேண்டா என்பதே என் கட்சி. வைத்ததை மீட்டு எடுத்துச் செல்பவர் ஏறட்டும், துளையிடுபவர் வரவேண்டா.

"உயிரைவிடப் பாறை பெரிதா, ஐயா?" என்றார் இளைஞர். "வெடிப்பே இல்லாத பாறையில் துளையிட்டுத் திருகாணி பொருத்துவதுதானே பாதுகாப்பு?"

நியாயமான கேள்விதான். நம் மலைப்பாறை பல இடங்களில் வெடிப்பின்றி வழவழத்துக் கிடக்கிறது. மழை வடிந்து பாசி பிடித்தால் உராய்வு குன்றும், நண்பனும் வழுக்குவான். அங்கே என்ன செய்வது? திரும்பி வருவது. உயிரைவிடப் பாறை பெரிதன்று. ஆனால் அந்தப் பாறையில் ஏறியே தீரவேண்டுமென்று எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லையே! 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மலைகள் இவை. ஏறுபவன் ஒருநாள் வந்து போகிறான். அடிவாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக அம்மலையைப் பார்த்து எழுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யார் கேட்டார்கள்?

இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. கருவியை வாங்குவது எளிது, வைக்கக் கற்பதே கடினம் என்றார் பிறகு. தண்டு, விழக்கூடிய திசையை நோக்க வேண்டும். மிக இறுக்கித் திணித்தால் மீளாது. மிக விரிந்து நின்றால் பற்றாது. கயிறு அசைந்தால் கருவியே மெல்ல உள்ளே 'நடந்து' போகுமாம்.

"எங்கள் கல்லணையில் வைத்துக் காட்டுங்கள்" என்றேன். முற்றத்து ஓரத்தில் பழைய கற்சுவர் ஒன்று உண்டு. இடுக்கு ஒன்றின் அருகே கல்லை விரல் மூட்டால் தட்டினார், காது கொடுத்துக் கேட்டார், மீண்டும் தட்டினார். பின்னர் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உள்ளே பொள்ளல், ஐயா. இதை வைத்து இழுத்தால் உங்கள் சுவர்தான் பெயரும்."