ஆதாரம் கேட்கிறவர்களும் பீரோ சாவியும்

‘முதல் தலைமுறையா படிக்க வர்ற பசங்களுக்கு ஆராய்ச்சி என்னத்துக்குங்க? பாஸ் பண்ணினா போதாதா?’ சாதி இந்து வாத்தியார்கள் மட்டும் இப்படிக் கேட்கவில்லை, நம் தோழர்களிலும் சிலர் கேட்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் கறாராகவே எழுத வேண்டியிருக்கிறது.

பெசன்ட் நகரிலிருந்தே ஆரம்பிக்கலாம். கர்னல் ஆல்காட் 1886ல் அடையாற்றில் ஒரு நூலகம் தொடங்கினார். ஓலைச்சுவடிகளும் சமஸ்கிருத நூல்களும் சேர்ந்து அது உலகம் அறிந்த ஆய்வு நூலகமானது. அதே மனிதர் 1894ல் நம் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். ஆல்காட் நினைவுப் பள்ளி என்ற பெயரில் அது இன்றும் பெசன்ட் நகரில் நிற்கிறது. அவர் செய்ததை நான் குறைத்துப் பேசவில்லை. எல்லாக் கதவும் அடைத்துக் கிடந்த காலத்தில் ஒரு கதவைத் திறந்தவர் அவர். 1898ல் அயோத்திதாசப் பண்டிதரோடு கொழும்புக்குப் போனவரும் அவர்தான். ஆனாலும் அந்த இரண்டு கட்டடங்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்று ஆராய்கிறவனுக்கு, மற்றது எழுத்தும் கணக்கும் கற்கிறவனுக்கு. இந்தப் பங்கீடு ஆல்காட்டோடு முடிந்து போகவில்லை. வகுப்பறை ஒரு பக்கம், பூட்டிய புத்தக பீரோ இன்னொரு பக்கம் என்று பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நூலகம் என்றால் ரெண்டு பீரோ. தனி நூலகர் கிடையாது. சாவி ஒரு வாத்தியாரிடம். ‘பசங்க கிழிச்சிடுவாங்க சார், ஆடிட் வந்தா நான்தானே பதில் சொல்லணும்’ என்பார். டைம் டேபிளில் வாரம் ஒரு லைப்ரரி பீரியட் உண்டு, அதைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். ஆனால் செயல்திட்டத்துக்கு மட்டும் மார்க் போட்டாக வேண்டும். 2012-13ல் முப்பருவ முறை வந்தபோது எல்லாப் பள்ளியிலும் இந்தக் கூத்து பெருகியது. பங்களா வீட்டுப் பிள்ளைக்கு அம்மாவே செய்து கொடுத்துவிடுவாள். குப்பத்துப் பிள்ளை ஸ்டேஷனரி கடையில் சார்ட் வாங்கும், பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நாலு பக்கம் பிரிண்ட் எடுத்து ஒட்டும். அந்த நாலு பக்கத்தை யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித்தராமலே மார்க் போடுவதற்குக் கல்வி என்று பேரா?

ஆராய்ச்சி நமக்கு ஆடம்பரம் என்கிறவர்களிடம் கேட்கிறேன்: இந்த நாட்டில் ‘ஆதாரம் எங்கே?’ என்ற கேள்வி யார் மேல் விழுகிறது? பஞ்சமி நிலம் 1892ல் அரசாணை போட்டுக் கொடுத்தது. அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994ல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்கு உயிரைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் ஒரு ஊரில் பஞ்சமி நிலம் இருந்ததா என்று காட்ட பழைய பதிவேட்டைத் தேட வேண்டும், படிக்க வேண்டும், திருத்தம் எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆண்ட பரம்பரை என்று சொல்லிக்கொள்கிறவனிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. நம்மிடம்தான் கேட்கிறார்கள். அப்படியானால் தேடத் தெரிவது யாருக்கு முதலில் வேண்டும்?

1907ல் அயோத்திதாசர் தொடங்கிய ‘தமிழன்’ இதழை எந்தப் பல்கலைக்கழகமும் தேடி எடுத்துப் பதிப்பிக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற நம்மவர்கள் தாள் தாளாகக் காத்தார்கள். ஞான அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 1999ல்தான் அது பெரும் தொகுதிகளாக வந்தது. அதன் பிறகுதான் தமிழக வரலாற்றை வேறு மாதிரிப் பேச வேண்டிய கட்டாயம் வந்தது. தேடத் தெரிந்த சிலரால் நடந்த காரியம் இது.

ஆகவே வழி சொல்கிறேன். இது புதிதும் அல்ல. ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று 1999ல் யுனெஸ்கோவின் பள்ளி நூலக அறிக்கையே சொல்லிவிட்டது. இதே சென்னையில் கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லேயே நூலக விதிகளை எழுதினார். 1948ல் இங்கேதான் பொது நூலகச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது, பீரோ திறக்கவில்லை.

திறந்தால் என்ன நடக்கும்? எட்டாம் வகுப்புக்கு வாத்தியார் ஒரு கேள்வி கொடுக்கட்டும்: ‘பெசன்ட் நகருக்கு ஏன் இந்தப் பேர்?’ அன்னி பெசன்ட் ஹோம் ரூல் தலைவர் என்று பாடப்புத்தகம் சொல்லும். அங்கே நூலகர் வர வேண்டும். அட்டவணை பார்ப்பது எப்படி, பின்பக்கச் சொல்லடைவு எதற்கு, அச்சான வருசம் ஏன் முக்கியம், எழுதியவர் யார் பக்கம் நிற்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். பிள்ளைகள் தேடிப் போனால், பெசன்ட் அம்மையார் 1909ல் ‘இந்தியன் ரிவ்யூ’வில் எழுதிய கட்டுரை கிடைக்கும். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சுத்தமான வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பறையில் நெருக்கி உட்கார வைக்கக் கூடாது, தலைமுறை தலைமுறையாகத் தின்ற தீனியாலும் குடித்த குடியாலும் அந்த உடம்பு நாறுகிறது என்பது அதன் சாரம். இதை 1945ல் காங்கிரசையும் காந்தியையும் பற்றிய தம் நூலில் எடுத்து வைத்து அம்பலப்படுத்தியவர் அண்ணல் அம்பேத்கர். பாடப்புத்தகம், கட்டுரை, அண்ணலின் நூல் மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைக்கட்டும். எதை நம்புவது, ஏன் நம்புவது என்று பிள்ளைகளே எழுதட்டும், எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் எழுதட்டும். வாத்தியாருக்குத் தனியாக இதைச் செய்ய நேரமில்லை, நூலகருக்குத் தனியாக வகுப்பு இல்லை. சேர்ந்தால்தான் முடியும்.

‘இதெல்லாம் பசங்களுக்குக் கோபத்தைக் கிளப்பும்’ என்பார்கள். கிளப்பட்டுமே. பக்க எண்ணோடு வருகிற கோபத்தை அத்தனை சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

தோழர்களே, இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் மனு கொடுக்கிற நாம் இதற்கும் கொடுப்போம். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் பயிற்சி பெற்ற ஒரு நூலகர் வேண்டும். லைப்ரரி பீரியடை வேறு பாடத்துக்குப் பிடுங்கக் கூடாது. செயல்திட்டத்தை ஆசிரியரும் நூலகரும் சேர்ந்தே கொடுத்து, சேர்ந்தே திருத்த வேண்டும். அதுவரை நம் தெருப் படிப்பகங்களில் மாலை நேரத்தில் இதை நாமே தொடங்குவோம். பீரோ சாவியைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் போவோம்.