கேடயம் ஏந்தும் பிள்ளையிடம் முதலில் எதைக் கேட்பது?



பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வாழும் நம் குடும்பத்தார் சிலர் அண்மைக் காலமாக எம்மிடம் ஒரே வகையான வினாவை எழுப்பி வருகின்றனர். பல்கலைக்கழகத்தில் பயிலும் மகன் வார இறுதியில் இரும்பு வளையச் சட்டை அணிந்து, கேடயம் ஏந்தி, காட்டுக்குள் சென்று பொய்ப்போர் புரிகிறான். மார்க்கத்தில் இது ஆகுமா என்பதே அவ்வினா. கேட்கும் தந்தையின் குரலிலேயே பெரும்பாலும் விடையும் இருந்துவிடுகிறது. "ஹராம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் ஹஜ்ரத், நான் அவனிடம் சொல்லிக்கொள்கிறேன்" என்பர். அந்த ஒரு வார்த்தையை நாம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை விளக்கவே இக்கட்டுரை.

வாள் பொய், கவசம் மெய்

தீர்ப்புச் சொல்லுமுன் பொருளை அறிதல் கடமை. 'லார்ப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவ்விளையாட்டில் எழுதிவைத்த வசனம் இல்லை. பார்வையாளர் கூட்டமும் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கற்பனை நாட்டின் வீரராகவோ வணிகராகவோ கொல்லராகவோ வேடம் பூண்டு, ஓரிரு நாட்கள் அவ்வேடத்திலேயே நடமாடுகின்றனர். அமெரிக்காவில் 1977இல் வாஷிங்டன் நகரை ஒட்டிய பகுதியில் 'டாகோர்ஹிர்' என்னும் குழு இத்தகைய போர் விளையாட்டைத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1982இல் செஷயர் பகுதியின் பெக்ஃபர்டன் கோட்டையில் 'ட்ரெஷர் ட்ராப்' தொடங்கிற்று. ஜெர்மனியின் ப்ரோக்கெலோ என்னும் சிற்றூரில் ஒவ்வொரு கோடையிலும் நடைபெறும் 'கான்குவெஸ்ட் ஆஃப் மித்தோடியா' கூடலுக்கு ஆயிரக்கணக்கானோர் திரளுகின்றனர்.

இவ்விளையாட்டில் வாள் மெய்யானதன்று. ஃபைபர் கிளாஸ் தண்டு ஒன்றைச் சுற்றி ஃபோம் வைத்து, அதன்மேல் லேட்டக்ஸ் பூசிச் செய்கின்றனர். கேடயத்தின் விளிம்பையும் ஃபோம் கொண்டே மூடுகின்றனர். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வோர் ஆயுதத்தையும் ஒருவர் வளைத்தும் அழுத்தியும் சோதிப்பார். உள்ளிருக்கும் தண்டு கையில் தட்டுப்பட்டால் அந்த ஆயுதம் களத்துக்குள் வராது. தலையில் அடித்தல் பெரும்பாலான குழுக்களில் விலக்கப்பட்டுள்ளது. எவரேனும் உண்மையாகவே காயமுற்றால் பிரிட்டனில் "மேன் டவுன்" என்றும் ஜெர்மனியில் "ஸானி" என்றும் குரல் எழும். அக்கணமே சுற்றியுள்ளோர் வேடத்தை விட்டு நின்றுவிட வேண்டும்.

ஆனால் கவசம் பல நேரங்களில் மெய்யான இரும்பே. ஊறு செய்யும் கருவியைப் பொய்யாக்கி, காக்கும் கருவியை மெய்யாக வைத்திருக்கும் விளையாட்டு இது. இதை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே செல்வோம்.

தாவூத் நபியின் தொழில்

இரும்பு வளையச் சட்டை நமக்கு அந்நியமான பொருளன்று. தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், முழுமையான கவசங்களைச் செய்யுமாறும் அவற்றின் கண்ணிகளை அளவோடு கோக்குமாறும் கட்டளையிட்டதையும் ஸபஃ அத்தியாயம் கூறுகிறது. போரின் ஊறிலிருந்து மனிதரைக் காக்கும் ஆடையை ஆக்கும் கலை அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டதை அல்-அன்பியா அத்தியாயம் எடுத்துரைத்து, அதற்கு நீங்கள் நன்றி செலுத்துகிறீர்களா என்றும் வினவுகிறது.

கண்ணிகளை அளவோடு கோப்பதன் பொருள், அத்தகைய சட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் விளங்கும். பரவலாகக் கையாளப்படும் பின்னலில் ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களின் ஊடே செல்கிறது. வளையம் பெரிதானால் கூர்முனை உள்ளே புகும். மிகச் சிறிதானால் சட்டையின் சுமை ஏறும். பழங்காலக் கொல்லர் ஒவ்வொரு வளையத்தின் முனைகளையும் தட்டையாக்கி, துளையிட்டு, ரிவெட் அடித்து இணைத்தனர். இன்று மலிவாகக் கிடைக்கும் சட்டைகளிலோ வளையத்தின் இரு முனைகளும் வெறுமனே ஒன்றையொன்று தொட்டு நிற்கும். விளையாட்டுக்கு அது போதும்; மெய்யான அடிக்குத் தாங்காது. தொடை வரை நீளும் எஃகுச் சட்டை ஏறத்தாழ பத்துக் கிலோ கனக்கும். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த அங்கி வேண்டும். இடுப்பில் வார் கட்டிச் சுமையைத் தோளிலிருந்து இறக்க வேண்டும். துருப்பிடியாமல் எண்ணெய் இட வேண்டும். இவ்வளவையும் பொறுமையோடு கற்ற இளைஞனைச் சோம்பேறி என்று அழைப்பது நீதியாகாது.

நம் பெருமானார் (ஸல்) அவர்கள் உஹுத் நாளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு கவசங்களை அணிந்திருந்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அல்லாஹ்வின் மீது முழு நம்பிக்கை வைத்த தூதரே காப்பை அலட்சியம் செய்யவில்லை. அதே பெருமானார் (ஸல்) வஃபாத்தானபோது அவர்களின் கவசம் முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடைமானமாக இருந்தது. அலீ (ரழி) அவர்கள் ஃபாத்திமா (ரழி) அவர்களுக்கு அளித்த மஹரும் ஒரு கவசமே. வீட்டுத் தேவை வந்தபோது அடகுக்கும் மஹருக்கும் உதவிய பொருள் அது. செல்வச் செருக்கைக் காட்ட மாட்டி வைத்த அணிகலனாக அது இருந்ததில்லை. கல்விக் கடன் நிலுவையில் இருக்கையில் மகன் எஃகுத் தகட்டுக் கவசம் வாங்க முனைந்தால், தந்தை எடுத்துச் சொல்ல வேண்டிய வரலாறு இதுவே.

பெருநாளன்று பள்ளிவாசலில்

"போரை விளையாட்டாக்குவது தகுமா?" என்று சிலர் வினவுகின்றனர். பெருநாளன்று அபிசீனியர் சிலர் ஈட்டியும் தோல் கேடயமும் ஏந்தி மஸ்ஜிதுந் நபவியில் விளையாடினர். பெருமானார் (ஸல்) அவர்களைத் தடுக்கவில்லை, தொடருமாறு ஊக்கினார்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் தமக்குப் போதும் என்று தோன்றும் வரை அதைக் கண்டு களிக்குமாறு உடன் நின்றார்கள். உமர் (ரழி) அவர்கள் தடுக்க முற்பட்டபோது, விட்டுவிடுமாறு பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ள செய்தி இது. பேரன் சிலம்பக் கம்பைச் சுழற்றினால் மகிழும் நாம், கேடயத்தைக் கண்டு மட்டும் பதறுவதற்குக் காரணம் இல்லை.

வேறு சிலர் இது பிறசமயத்தாரைப் போலாகும் செயல் என்பர். வளையச் சட்டை எந்தச் சமயத்தின் அடையாளமும் அன்று. சிலுவைப் போர்க் காலத்தில் வாழ்ந்த சிரியாவின் உஸாமா இப்னு முன்கித் (1095–1188), தாம் அணிந்திருந்த 'கஸாகந்த்' என்னும் அங்கியைப் பற்றித் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். அதனுள் ஒரு ஃபிராங்கிய வளையச் சட்டையும், அதன்மேல் மற்றொரு வளையச் சட்டையும், பட்டும் முயல் மயிரும் கொண்ட பஞ்சணையும் இருந்தன. எதிரியின் நாட்டுச் சட்டையை அணிந்தே அவர் எதிரியோடு பொருதார். அந்த அங்கியின் பெயர் ஐரோப்பிய மொழிகளுக்குள்ளும் 'ஜாஸரன்ட்' எனச் சென்று சேர்ந்தது. ஆயினும் மார்பில் சிலுவை பொறித்த மேலாடை சமயச் சின்னமே. அதை நம் பிள்ளை அணிதல் ஆகாது. அதுபோன்றே, உஸ்மானிய, ஈரானியத் தலைக்கவசங்களில் எழுத்தணி கண்டு மயங்கி, அடிபட்டுச் சேற்றில் விழும் ஃபோம் கேடயத்தில் இறைவசனத்தை எழுதுவதும் ஆகாது.

நான்கு நிபந்தனைகள்

ஆகவே எம் கருத்து இது: இவ்விளையாட்டு தன்னளவில் விலக்கப்பட்டதன்று. ஆனால் கவசம் எதற்காகப் படைக்கப்பட்டதோ அந்தக் காத்தல் பண்பு விளையாட்டிலும் நிலைக்க வேண்டும். அதற்கு நான்கைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பிறர் உடலும் மனமும். விளையாட்டாகக்கூட ஆயுதத்தைச் சகோதரனை நோக்கி நீட்டுவதைப் பெருமானார் (ஸல்) கண்டித்தார்கள். ஷைத்தான் கையை நழுவச் செய்துவிடக்கூடும் என்று எச்சரித்தார்கள். இக்கண்டனம் ஊறு செய்யக்கூடிய ஆயுதத்தைப் பற்றியது. ஃபோம் வாளின் சோதனை அக்காரணத்தைப் பெரிதும் நீக்குகிறது. ஆனால் கூடாரத்தில் அலங்காரத்துக்காக வைத்திருக்கும் மெய்யான கத்தியை நண்பனை நோக்கி ஓங்கினால் அக்கண்டனத்தில் முழுமையாக விழுவோம். உறங்குபவரைத் திடுக்கிடச் செய்வதும் அவ்வாறே. ஒரு முஸ்லிமை அச்சுறுத்துதல் ஆகுமானதன்று என்பது ஹதீஸ்.

இரண்டாவது, இரவல் பொருள். புதிதாகச் சேர்வோருக்குக் கவசமும் கேடயமும் இரவல் தரும் வழக்கம் குழுக்களில் உண்டு. ஹுனைன் போருக்கு முன் பெருமானார் (ஸல்), அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் கவசங்களைக் கேட்டார்கள். பறித்துக்கொள்கிறீர்களா என்று அவர் வினவ, பொறுப்பேற்றுத் திருப்பித் தரும் இரவலே என்று உறுதியளித்தார்கள். பின்னர்ச் சில கவசங்கள் காணாமற்போனபோது ஈடு தரவும் முன்வந்தார்கள். இரவல் சட்டையைத் துருப்பிடிக்க விட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டு வரும் பிள்ளை, இந்த ஸுன்னத்தை அறியாதவன்.

மூன்றாவது, வணக்கம். இக்கூடல்கள் பெரும்பாலும் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு வரை நீள்கின்றன. தொழுகை நேரம் வேடத்துக்காகக் காத்திருப்பதில்லை. கைக்கவசத்தைக் கழற்றாமல் உளூ நிறைவேறாது. முழங்கை வரை நீர் தோலில் பட வேண்டும். ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட வேண்டும். ஆகவே தலைக்கவசம் இறங்க வேண்டும். தோல் காலணிக்கு மட்டும் சலுகை உண்டு: உரிய நிபந்தனைகளோடு அணிந்திருந்தால் ஊரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவும், பயணி மூன்று பகல் மூன்று இரவும் அதன்மேல் மஸ்ஹு செய்யலாம். வேடத்தைத் தேர்வதிலும் எல்லை உண்டு. கற்பனைத் தெய்வத்தின் பூசாரியாகவோ சூனியக்காரனாகவோ நின்று வழிபாட்டுச் சடங்கை நடத்துவது, விளையாட்டு என்ற பெயரிலும் நமக்கு உகந்ததன்று. காவலன், கொல்லன், வைத்தியன், எழுத்தன், வணிகன் என எத்தனையோ வேடங்கள் உள்ளன. மது பரிமாறப்படும் கூடாரத்தில் வேடம் ஒரு சாக்காகாது.

நான்காவது, உண்மை. கற்பனைக் கதைகளில் தலைப்பாகையும் வளைவாளும் கொண்டவன் பலமுறை வில்லனாக்கப்படுகிறான். நம் பிள்ளைக்கும் அவ்வேடத்தை யாரேனும் நீட்டக்கூடும். அப்போது அவன் சினந்து வெளியேறவும் வேண்டாம், தலைகுனிந்து ஏற்கவும் வேண்டாம், அறிந்து பேசட்டும். இஸ்லாத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் அரபியரின் வாள் நேரானது. வளைவாள் பின்னர்த் துருக்கியர் வழியாகவே பரவியது. உஸ்மானியரின் 'கல்கன்' கேடயம் பிரம்பைச் சுருளாகச் சுற்றி, வண்ணப் பட்டு நூலால் பிணைத்து, நடுவில் இரும்புக் குமிழ் பொருத்தியது. இவற்றைச் சொல்லத் தெரிந்தவனிடம் குழுவினரே கேட்டுக் கற்பர்.

அவனும் பிறருக்கு அதே நீதியைச் செய்ய வேண்டும். 1191இல் ஃபிராங்கியப் படை அர்ஸூஃப் நோக்கி நடந்ததை, ஸலாஹுத்தீன் அவர்களின் உடனிருந்த பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் பதிவு செய்துள்ளார். கவசத்தில் அம்புகள் தைத்து நிற்க, அணி குலையாமல் நடந்த காலாட்களின் உறுதியை அவர் மறைக்காமல் எழுதினார். எதிரியின் திறனைக் குறைத்து எழுதும் தேவை அவருக்கு இருக்கவில்லை.

பெற்றோருக்கு

இளைஞர்கள் இக்குழுக்களை நாடுவது இரும்புக்காக மட்டுமன்று. அந்நிய நாட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்குத் தோளோடு தோள் நிற்கத் தோழர் தேவை. கேடய அணியில் ஒருவனின் கேடயம் பக்கத்தில் நிற்பவனையும் காக்கிறது. அந்த உணர்வே அவனை ஈர்க்கிறது. நம் பள்ளிவாசல்களும் வீடுகளும் அவ்வுணர்வை அவனுக்குக் கொடுத்திருந்தால் நன்று. கொடுக்கவில்லையெனில், விசாரிக்காமல் ஒரே சொல்லால் தடுப்பது அவனை விளையாட்டிலிருந்து விலக்காது. நம்மிடம் சொல்வதிலிருந்தே விலக்கும். மறைத்துப் போகும் பிள்ளையிடம் தொழுகையைப் பற்றி யார் நினைவூட்டுவது? மதுக் கூடாரத்தைப் பற்றி யார் வினவுவது?

ஆகவே அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, "அதை விட்டாயா?" என்று தொடங்காதீர்கள். "கவசத்தைக் காட்டு, வாப்பா பார்க்கிறேன்" என்று தொடங்குங்கள். எத்தனை வளையம் கோத்தான், யாரிடம் இரவல் பெற்றான், அஸரை எங்கே தொழுதான் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தாவூத் நபியின் வரலாற்றைச் சொல்லுங்கள். நிபந்தனைகள் நிறைவேறாத கூடல் என்று அவன் வாயாலேயே தெரிந்தால், அப்போது போகவேண்டாம் என்று சொல்லும் உங்கள் சொல்லுக்கு எடை இருக்கும்.

நோன்பு ஒரு கேடயம் என்று பெருமானார் (ஸல்) கூறினார்கள். இரும்புக் கேடயத்தின் எடையைத் தோளில் உணர்ந்த பிள்ளைக்கு அந்த உவமையை விளக்குவது எளிது. அந்த உரையாடலுக்கான கதவை நாமே அடைத்துவிட வேண்டாம். நம் மக்களின் உடலையும் ஈமானையும் அல்லாஹ் காப்பானாக.

வஸ்ஸலாம்.