கூம்பைக் கழட்டுங்க, பானையைக் கட்டுங்க!

பங்குனி பிறந்தால் போதும், குளத்தூர் பக்கம் கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஸ்பீக்கர் ஏறிவிடும். கேட்டால், கடைசித் தெருவுக்கும் கேட்கணுமாம்! திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஆக, கடைசி வீட்டுக்குக் கேட்க முதல் வீட்டுக்காரர் காது கிழியணும். அந்த வீட்டில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்ன பாவம் செய்தது?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குச் சொல்லும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. கூம்புக்கு அதெல்லாம் காதில் விழாது!

மாற்று ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மண்பானை வாயில் சின்ன ஸ்பீக்கர், அடியில் ஒயருக்கு ஓட்டை, மேலே வர்ணம். தெருவுக்கு நாலு கவிழ்த்துத் தொங்கவிட்டால் மழையும் இறங்காது, சத்தமும் அளவாக இருக்கும், பார்க்கவும் அழகு. அய்யனாருக்கு மண்குதிரை செய்யும் மாவட்டத்தில் பானைக்கா பஞ்சம்?

சாமிக்குக் காது நல்லாவே கேட்கும்... மனுஷன் காதைக் காப்பாற்றுங்கப்பா!